பிள்ளையின் முதல் உணவும் குடலின் காவலும்

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





"பிள்ளைக்கு முட்டை கொடுக்கலாமா, வேர்க்கடலை கொடுக்கலாமா?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஒவ்வாமை வரும், 3 வயது வரை வேண்டாம்" என்று நம் முகாம்களில் நாங்களே சொல்லி வந்தோம். அது சரியல்ல. தவறாகச் சொன்னதைத் திருத்திச் சொல்வது எங்கள் மீதுள்ள அமானிதம்.

நாம் உண்ணும் பருப்பு, முட்டை, இறைச்சியிலுள்ள புரதத்தைச் செரிமான நீர்கள் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. குடலின் உட்சுவரோ ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. 3 முதல் 5 நாட்களில் அது புதுப்பிக்கப்படுகிறது. சுப்ஹானல்லாஹ்! உடைபடாத புரதமும் அதன் வழியே சிறிதளவு உள்ளே போகிறது. அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் அதை எடுத்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளில் காட்டுகின்றன. அங்கே, எதிர்ப்பை அடக்கிவைக்கும் 'டி' செல்கள் உருவாகின்றன. 'இது கிருமி அல்ல, உணவு' என்று உடல் பழகிக்கொள்கிறது. அதே புரதம் கரப்பான் கண்ட தோல் வழியாக முதலில் நுழைந்தால், உடல் அதைப் பகையாகக் கருதிவிடக்கூடும்.

ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று 1998-ல் இங்கிலாந்திலும் 2000-ல் அமெரிக்காவிலும் அறிவுறுத்தினார்கள். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவு தொடர்ந்து கொடுக்கப்பட்டது; மறு பாதிக்கு விலக்கப்பட்டது. 2015-ல் முடிவு வெளியானது. 5 வயதில், விலக்கியவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. உண்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்குத்தான்.

ஆகவே சகோதரிகளே, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பிறகு கஞ்சியுடன் நன்கு வெந்த முட்டையை மசித்தும், வேர்க்கடலையை விழுதாக அரைத்துத் தண்ணீராகக் கரைத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவு போதும். முழுக்கடலை 5 வயது வரை கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடும் கரப்பானோ, ஏற்கெனவே ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். உணவு கொடுத்தபின் முகம் வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

எங்கள் பழைய பேச்சைக் கேட்டு இன்னும் பயந்திருக்கும் அண்டை வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.