பாட்டு வேணும், பாடினவள் வேண்டாம்

(மயிலாப்பூரில் மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாக்தாத்தில் அப்பாசிய கலீபாக்கள் ஆண்ட காலம். பாடுகிற அடிமைப் பெண்ணுக்கு அரபியில் 'கைனா' என்று பேர். கவிதையும் வாத்தியமும் கற்றுக்கொடுத்து, அவள் விலையை ஏற்றி விற்றார்கள். இனான், ஃபள்ல், அரீப் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். ஆண் புலவர்களோடு சரிக்குச் சரியாகக் கவிதையில் மோதினவர்கள். அவங்க பேரு நிக்குது. கூடவே யாருக்குச் சொந்தம் என்பதும் நிக்குது.

'அது அந்த நாட்டு சமாச்சாரம்' என்று இங்க சிலபேர் நிம்மதியா மூச்சு விடுவாங்க. விடாதீங்க. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படிங்க. சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடிவைத்ததாக ராஜராஜன் 1014இல் வெட்டிவைத்திருக்கிறான். ஒவ்வொருத்தி பேரும், வந்த கோயிலும், இருக்கும் வீடும் இருக்கு. ஆளுக்கு 100 கலம் நெல். அவர்கள் சந்தையில் வாங்கின அடிமைகள் அல்ல; பங்கு பெற்றவர்கள். ஆனால் 'வர்றியா' என்று கேட்டதாக ஒரு வரி அந்தச் சுவரில் கிடையாது. கோயிலுக்கே ஆட்களை விற்ற கதையை வேறு சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் முத்துப்பழனி என்ற கணிகை, பெண்ணின் ஆசையைத் தெலுங்கில் காவியமாகப் பாடினாள். அதைக் கணிகை குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் சென்னையில் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று 1911இல் வெள்ளைக்கார அரசு தடை போட்டது. சீர்திருத்தவாதி வீரேசலிங்கமும் ஏசினார். ஆண் புலவன் பாடினால் சிருங்கார ரசம். அவள் பாடினால் ஆபாசம்!

இந்தத் தெருவுக்கே வருவோம். கபாலீசுவரர் கோயிலில் ஆடின மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம்தான் பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் அபிநயம் கற்றார்கள். பொட்டுக்கட்டுக்கு 1947இல் சட்டம் தடை போட்டது. நல்லதுதான். அதற்காகப் போராடின மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தக் கொடுமைக்குள்ளிருந்து வந்தவர்தானே! ஆனால் ஆட்டம் சபாவுக்குப் போய் மரியாதை பெற்றது. கௌரி அம்மாளின் கடைசிக்காலமோ வறுமையில் கழிந்தது.

இது நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். நம்ம ஆளுங்களைப் பறையடிக்கக் கூப்பிட்ட ஊர், அதைக் கலை என்று சொன்னதில்லை, 'கடமை' என்றது. அங்கே கலையைப் பிடுங்கிக்கொண்டு ஆளைத் தள்ளினார்கள். இங்கே கலையையும் ஆளையும் சேர்த்தே சேரிக்குத் தள்ளினார்கள். கணக்கு எழுதின கை ஒண்ணுதான்.

மார்கழியில் சபாவுக்குப் போகிற தோழர்கள் பாட்டை ரசிங்க, வேண்டாங்கல. வெளியே வந்ததும் ஒண்ணு கேளுங்க: இதை முதலில் பாடினவள் யாருக்குச் சொந்தமாயிருந்தாள்? அவள் பேரப்பிள்ளைகள் இன்னைக்கு எங்கே?