ஒருநாட் கதவடைப்பின் பயன்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடெங்கும் ஒருநாளோ சில நாட்களோ வேலையை நிறுத்தி, கடைகளை அடைத்து, அரசாங்கத்தின் செயலைக் கண்டிக்கும் முறையால் விளையும் பயன் யாது என்பதைக் குறித்துப் பேசும்படி எனக்குப் பணிக்கப்பட்டிருக்கிறது. நம்மவரிற் பெரும்பாலோர் கடை வைத்து ஜீவிப்பவர். கதவடைப்புக்கு அழைப்பு வருந்தோறும் முதலில் தட்டப்படுவது நமது கதவேயாம். அடைப்பதா, திறப்பதா என்று ஒவ்வொரு முறையும் கலங்குகிறோம். கல்லெறிக்கு அஞ்சி அடைப்பதும் ஆலோசனையன்று. அன்றைய லாபத்தை எண்ணித் திறப்பதும் ஆலோசனையன்று. சரித்திரத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருதலே அறிவுடைமையாகும்.

'ஹர்த்தால்' என்ற சொல்லே வணிகருக்குரியது. குஜராத்தி மொழியில் கடைக்குப் பூட்டிடுதல் என்பது அதன் பொருள். 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் விடுத்த அழைப்பினால் அது தேசமெங்கும் பரவிற்று. சட்டமோ அன்றே ஒழிந்துவிடவில்லை, 1922-ல்தான் நீக்கப்பட்டது. ஆயினும் அதுவரை ஒருவரையொருவர் அறியாதிருந்த மாகாணத்தார், ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்யக்கூடும் என்பதைத் தாமே கண்டுகொண்டனர்.

ஒருநாள் நிறுத்தம் பொருள் நஷ்டத்தால் அரசாங்கத்தைப் பணிய வைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. இன்று உப்பு வாங்காதவன் நாளை வாங்குகிறான். இன்று ஓடாத ஆலை அடுத்த வாரம் அதிக நேரம் ஓடி ஈடு செய்துகொள்ளுகிறது. மளிகைக் கடைக்காரர் இழந்த வியாபாரத்திற் பெரும்பங்கு மறுநாளே திரும்பிவிடுகிறது. திரும்பி வாராதவை எவை? பூக்காரியின் பூ, பால்காரரின் பால், மூட்டை சுமப்போரின் அன்றைய கூலி. ஆகவே இந்நிறுத்தத்தின் பாரம் முதலில் விழுவது ஏழையின் தலைமேல்தான். அப்படியிருந்தும் சிற்சில சமயங்களில் அரசாங்கங்கள் ஆட்டங்கண்டிருக்கின்றன. அதன் ரகசியம் யாது?

1920-ஆம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி, ஜெர்மனியில் காப் என்பவர் ஒரு படைப்பிரிவின் துணைகொண்டு பெர்லின் நகரைக் கைப்பற்றி, தம்மையே அரசாங்கத் தலைவரெனப் பிரகடனம் செய்துகொண்டார். முறையான மந்திரிகள் நகரைவிட்டு வெளியேறினர். உடனே பொது வேலை நிறுத்தத்துக்கு அழைப்பு விடப்பட்டது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பத்திரிகைகள் நின்றன. உத்தியோகஸ்தரிற் பலர் காப்பின் கட்டளைகளை ஏற்கவில்லை; அரசாங்க வங்கி அவருக்குப் பணங்கொடுக்க மறுத்தது. 17-ந் தேதியே அவர் விலகி, பின்பு அயல்நாட்டுக்கு ஓடினார். துப்பாக்கிகள் அவரிடத்திலேயே இருந்தன. ஆனால் துப்பாக்கியால் ரயிலை ஓட்டவும் கணக்கை எழுதவும் முடியாதன்றோ? ஆளுகை என்பது ஆளப்படுவோர் நாள்தோறும் செய்து கொடுக்கும் வேலையே என்பதை அந்த நான்கு நாட்கள் காட்டின.

எல்லாக் காலத்தும் இவ்வாறு நிகழுமோ என்றால், நிகழாது. பெல்ஜியம் தேசம் இதற்குத் தக்க சான்று. அங்கே வோட்டுரிமை வேண்டி மும்முறை பொது வேலை நிறுத்தம் நடந்தது. 1893 ஏப்ரலில் சட்டசபை சர்வஜன வோட்டை நிராகரித்ததும் தொழிலாளர் வேலையை விட்டனர். ஒரு வாரத்துக்குள் சபையார் மனம் மாறி, 25 வயது நிரம்பிய ஆடவர் யாவர்க்கும் வோட்டு அளித்தனர். செல்வர்க்கும் கற்றோர்க்கும் மட்டும் கூடுதல் வோட்டுகளை வைத்துக்கொண்டனர். வோட்டர் தொகை ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. 1902-ல், ஆளுக்கு ஒரு வோட்டே என்னும் சமத்துவம் வேண்டி மீண்டும் வேலை நிறுத்தினர். இம்முறை அரசாங்கம் அசையவில்லை. லூவேன் நகரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் போயின. பயனின்றி நிறுத்தம் கைவிடப்பட்டது. அந்த அனுபவத்தால் பாடங்கற்ற தலைவர்கள், 1913-ல் பல மாதங்களுக்கு முன்னரே பொருள் சேர்த்து, ஒழுங்கு வகுத்து, ஏப்ரல் 14 முதல் பத்து நாள் அமைதியாக நடத்தினர். கிடைத்தது வோட்டுரிமைச் சீர்திருத்தத்தை ஆராயலாம் என்ற வாக்குறுதி மாத்திரமே. ஆளுக்கொரு வோட்டு என்பது யுத்தம் முடிந்த பின் 1919-ல்தான் ஆடவர்க்கு வந்தது. ஒரே தேசத்தில் ஒரே முறை மூன்று வேளையில் மூன்று பலனைத் தந்தது. ஆதலின் வெற்றி முறையில் மட்டும் இல்லை, வேளையிலும் இருக்கிறது என்க.

இனி நமக்கு அண்மையிலுள்ள இலங்கைக்கு வருவோம். 1952-ஆம் வருஷத் தேர்தலில் வென்ற ஐக்கிய தேசியக் கட்சியார், அரிசியை மலிவாக வழங்குவதாக ஜனங்களுக்கு நம்பிக்கையூட்டியிருந்தனர். மறு வருஷம் ஜூலையில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், ரேஷன் அரிசியின் விலையை அளவொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. பொக்கிஷம் வற்றிப்போயிற்று, உலகச் சந்தையில் அரிசி விலை மிகுந்துவிட்டது என்பது நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வாதம். அவ்வாதத்தில் உண்மையும் இல்லாமலில்லை. ஆயினும் அடுப்பைத் தொட்ட வரி அனைவரையும் தொட்டது.

இடதுசாரிக் கட்சிகள் ஆகஸ்டு 12-ந் தேதி ஒருநாள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. தொழிலாளர் வேலைக்குப் போகவில்லை, கடைகள் அடைபட்டன, மேற்கு, தெற்குக் கரையோரக் கிராமங்களில் ஜனங்கள் மரங்களை வெட்டிச் சாலைகளை மறித்தனர், தண்டவாளங்களைப் பெயர்த்தனர். யாழ்ப்பாணத்தாரும் கலந்துகொண்டனர். மலைநாட்டுத் தோட்டங்களிலோ பெரும்பாலும் வேலை நடந்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லண்ட்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலிற் கூடி அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் அரிசி விலையும் ஓரளவு குறைக்கப்பட்டது. 1956-ஆம் வருஷத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்த ஸ்தானங்கள் 8 மாத்திரமே.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஒருநாள் நஷ்டத்தால் இலங்கை அரசாங்கம் தளரவில்லை. ஓராண்டுக்கு முன் வோட்டளித்த ஜனங்களே இப்போது தம்முடன் இல்லை என்பது, மூடப்பட்ட கதவு ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததைப்போல் தெரிந்துவிட்டது. ஒருநாள் நிறுத்தம் ஆயுதமன்று. அது ஒரு கணக்கெடுப்பு. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே ஜனங்களின் மனம் எங்கே நிற்கிறது என்று ஆள்வோருக்கும், ஜனங்களுக்கே தமக்கும், காட்டுவது அது.

கணக்கெடுப்பு என்பதனால் இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஜனங்களின் சம்மதத்தைப் பொருட்படுத்தாத கொடுங்கோலரிடம் இதனால் உடனே காரியம் ஆகாது. 1941 பிப்ரவரி 25-ந் தேதி, ஜெர்மானிய நாஜிப் படை பிடித்து வைத்திருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், யூதர்களைக் கொடுமை செய்வதைக் கண்டித்து டிராம் தொழிலாளர் முதலானோர் வேலையை நிறுத்தினர். இரண்டே நாளில் அது குண்டுகளால் ஒடுக்கப்பட்டது. யூதர்களின் துன்பமும் நிற்கவில்லை. அண்டை வீட்டாருக்காக நின்றார்கள் என்ற புகழ் மட்டும் நின்றது. அதனை வீண் என்று சொல்ல என் நா எழவில்லை. ஆயினும் அதனை வெற்றி என்றும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, பலவந்தத்தால் எடுத்த கணக்கு பொய்க்கணக்கு. அச்சத்தால் அடைத்த கடை எதற்கும் சாட்சியாகாது. கேரள உயர்நீதி மன்றம் 1997-ல், பிறரைக் கட்டாயப்படுத்தும் 'பந்த்' அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று தீர்ப்பளித்தது. அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. ஆனால் 'ஹர்த்தால்' என்ற பெயரால் அதே காரியம் தொடர்ந்து நடக்கவே, 2019 ஜனவரியில் அம்மன்றம் 7 நாள் முன்னறிவிப்பின்றி அதற்கு அழைப்பு விடலாகாது என்று இடைக்கால உத்தரவிட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர் சிலர். அம்மி நகரலாம்; மனித மனமோ மரத்துப்போகும். மாதந்தோறும் நடக்கும் கதவடைப்பு, ஜனங்களுக்கு விடுமுறை நாளாகிறது, ஆள்வோருக்குச் செவிப்பழக்கமாகிறது.

ஆகையால் அன்பர்களே, அழைப்பு வரும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். கோரிக்கை ஒன்றுதானா, அதை நிறைவேற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரை நோக்கியே விடப்படுகிறதா? அது ஒரு கூட்டத்தாருடையதா, யாவருடைய அடுப்பையும் தொடுவதா? தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்னரே அறிவிக்கப்பட்டனவா? உடன்படாதவன் தன் கடையைத் திறந்து வைத்து நிம்மதியாக இருக்க முடியுமா? நான்குக்கும் விடை நேராயின், நாம் முழுமனத்துடன் பூட்டுவோம். ஒன்றுக்கேனும் விடை கோணலாயின், காரணத்தை மரியாதையுடன் எடுத்துச் சொல்லித் திறந்து வைப்போம்.

பூட்டும் நாளில் நமக்கொரு கடமையும் உண்டு. நம் கடைச் சிப்பந்திகளுக்கும் சுமைகூலிகளுக்கும் அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். மருந்துக் கடையும் பால் விற்பனையும் தடைப்படலாகாது. நமது எதிர்ப்புக்கு ஏழை விலை கொடுப்பானாயின், அது நமது எதிர்ப்பாகாது. சங்கத்தின் நிர்வாக சபையார் இதனை ஆலோசித்து ஒரு தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.