இரண்டாம் முறை குற்றம்: சட்டம் என்ன சொல்கிறது?



சுங்கைப் பட்டாணிக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாம் ஆசிரியப் பணி செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் ஒரு தாயார் வந்து நின்றார். சேலைத் தலைப்பில் பணம் முடிந்திருந்தது. "வாத்தியாரையா, நம்ம பையனுக்கு நாளைக்குக் கோர்ட்டு. போன தடவ மாதிரி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. அபராதக் காசு சேத்து வெச்சிட்டேன்" என்றார்.

பையன் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். இருபது வயதில் செம்பனைக் குலை திருடிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அப்போது நாம் எழுதிய கடிதத்தில், "இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்யாதவன்" என்று ஒரு வரி இருந்தது. இப்போது பழைய இரும்பு திருடியதாக வழக்கு. அந்த ஒரு வரியை இனி எழுத முடியாது. வேறு என்ன எழுதுவது? அன்று மாலையே ஒரு வழக்கறிஞரிடம் சென்று விசாரித்தோம். அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்து அறிந்ததையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் திருட்டைப் பற்றிய சட்டத்தைப் பார்ப்போம். நமது நாட்டுத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 379ஆம் பிரிவு இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கிறது. முதல் முறை திருடியவருக்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இரண்டாம் முறையோ அதற்கு மேலோ திருடினால், சிறைத்தண்டனை விதிக்கப்பட வேண்டும். அதனுடன் அபராதத்துக்கோ பிரம்படிக்கோ அவர் உள்ளாகக் கூடும். 'அல்லது அபராதம்' என்னும் வழி இரண்டாம் பகுதியில் இல்லை. அந்தத் தாயார் முடிந்து வந்த பணத்தால் மட்டும் வழக்கை முடிக்க முடியாததன் காரணம் இதுதான்.

ஆனால் சட்டத்தின் சொற்களை நீதிமன்றம் எப்படி வாசிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 'விதிக்கப்பட வேண்டும்' என்றால் அது கட்டாயம். 'உள்ளாகக் கூடும்' என்றால் அது நீதிபதியின் விருப்புரிமை. ஆகவே சிறை உண்டு, பிரம்படி கட்டாயமில்லை. சிறை எத்தனை நாள் என்பதையும் இந்தப் பிரிவு இவ்வளவுக்குக் குறையாமல் என்று கட்டிப்போடவில்லை. வழக்கறிஞர் வாதாடுவதற்கும், நல்லவர்கள் கடிதம் எழுதுவதற்கும் அங்கேதான் இடம் இருக்கிறது.

அடுத்து 75ஆம் பிரிவு. திருட்டு, கொள்ளை, ஏமாற்று போன்ற சொத்துக் குற்றங்களில், 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஒருவர் தண்டிக்கப்பட்டு, பின்னர் அதே வகைக் குற்றத்தைச் செய்தால், அவருக்கு விதிக்கக்கூடிய தண்டனையின் அளவை இப்பிரிவு இரட்டிப்பாக்குகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் திங்கட்கிழமை ஒரு திருட்டும், செவ்வாய்க்கிழமை இன்னொரு திருட்டும் செய்து, புதன்கிழமை பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குற்றங்கள்தாம். ஆனால் இந்தப் பிரிவின் கணக்கில் அவர் மறுமுறைக் குற்றவாளி அல்லர். முதலில் நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும். அதன் பிறகு அடுத்த குற்றம் நடந்திருக்க வேண்டும். ஒரு முறை எச்சரிக்கப்பட்டும் திருந்தாதவருக்கே கூடுதல் தண்டனை என்பதுதான் இதன் உட்பொருள்.

'முந்திய தீர்ப்பு' என்பதையும் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின்படி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும், குற்றவாளி என்று பதிவு செய்யாமலே ஒருவரை நீதிமன்றம் விடுவிக்கலாம். 294ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு நன்னடத்தைப் பிணையில் அனுப்பலாம். இரண்டிலும் பையன் அன்று மாலை வீட்டுக்கு வந்துவிடுகிறான். பெற்றோர் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் குற்றத்தீர்ப்பு இல்லை; மற்றொன்றில் உண்டு. அபராதம் கட்டி வந்தாலும் குற்றத்தீர்ப்பு உண்டு. பணம் கட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம், பதிவு முடிவதில்லை.

இன்னொரு சட்டம் நமது தோட்டங்களையும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளையும் அதிகமாகத் தொடுவது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 39சி என்னும் பிரிவைச் சேர்த்தது. போதைப்பொருள் உட்கொண்டதற்காக ஏற்கெனவே இரு முறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால், 5 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 3 வரை பிரம்படியும் விதிக்கச் சொல்கிறது அந்தப் பிரிவு. இங்கே நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கணக்கில்லை. புனர்வாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டதும் ஒரு முறையாக எண்ணப்படும். 'அது சிகிச்சைதானே' என்று நாம் நினைத்திருந்தது, பிற்பாடு தண்டனைக் கணக்கில் வந்து நிற்கிறது.

அப்படியானால் பழைய குற்றம் ஒருவனை ஆயுள் முழுதும் துரத்துமா? 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, ஒருவருடைய கெட்ட நடத்தையைக் காட்டி அவர் மேல் குற்றத்தை மெய்ப்பிக்கப் பொதுவாக இடம் தருவதில்லை. 'முன்னே திருடியவன், ஆகவே இதையும் இவன்தான் திருடியிருப்பான்' என்பது ஊர்வாதம். நீதிமன்ற வாதம் அன்று. குற்றவாளி என்று முடிவான பிறகே, தண்டனையை அளக்கும்போது, பழைய பதிவு எடுத்து வாசிக்கப்படுகிறது. அது தம்முடையது அல்ல என்றால், அவர் அங்கேயே மறுக்கலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசு தரப்பினுடையது.

தண்டனையை அளப்பதில் நமது நீதிபதிகள் இரண்டு கோட்பாடுகளைக் கையாள்கிறார்கள். பொதுநலனே முதலில் கவனிக்கப்பட வேண்டும் என்றார் நீதிபதி ஹாஷிம் இயோப் சானி, 1976இல் வெளியான ஒரு தீர்ப்பில். தண்டனை சட்டத்தின் எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. நிலைபெற்ற நீதிக் கோட்பாடுகளின்படியும் அளக்கப்பட வேண்டும் என்றார் நீதிபதி முகமது அஸ்மி, 1981இல் வெளியான மற்றொரு தீர்ப்பில். தராசின் இரு தட்டுகள் போன்றவை இவை.

இந்தத் தராசு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1994இல் மூன்றாம் குற்றத்துக்கு மிகக் கடுமையான சட்டம் இயற்றியது. கோல்ப் மட்டைகள் மூன்றைத் திருடிய ஒருவருக்கு, பழைய குற்றங்களையும் சேர்த்து, 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை விதிக்கப்பட்டது. அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003இல் உறுதி செய்தது. பின்னர் 2012இல் அம்மாநில மக்களே வாக்களித்து அச்சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 1988இல் வேறு விதமாகக் கூறியது. பழைய பதிவைக் கருத்தில் கொள்ளலாம். ஆனால் இன்றைய குற்றத்தின் கனத்தை மீறிய தண்டனைக்கு அது காரணமாகக் கூடாது என்பதே அதன் கருத்து. பழைய குற்றத்துக்கு அவன் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டான் அல்லவா?

நேயர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? முதல் வழக்கிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். "ஒத்துக்க, லேசா விட்டுடுவாங்க" என்று பிள்ளைக்குச் சொல்வதற்கு முன், எந்தப் பிரிவின் கீழ் வழக்கு, பதிவு எப்படி ஆகும் என்று கேளுங்கள். கைதானவர் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள உரிமை உண்டு. வசதியில்லாத குடிமக்களுக்கு உதவ 2011இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் நிறுவப்பட்டது. தீர்ப்பில் குறை இருந்தால் 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு நாம் கடிதம் எழுதித்தான் கொடுத்தோம். நல்லவன் என்று எழுதவில்லை. கெட்டவன் என்றும் எழுதவில்லை. கூலிமில் ஒரு பட்டறையில் ஐந்து மாதமாக ஒழுங்காக வேலை செய்கிறான் என்பதையும், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னதையும் எழுதினோம். மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்த்தார். மூன்று மாதச் சிறை, பிரம்படி இல்லை.

தாயார் சேலைத் தலைப்பை அவிழ்க்காமலே வீடு திரும்பினார். மகனைப் பார்க்க அலோர் ஸ்டாருக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்கு அந்தப் பணம் உதவியது. முதல் வழக்கின்போதே இந்தச் சட்டம் நமக்குத் தெரிந்திருந்தால், கடிதத்தோடு நான்கு வார்த்தை அவனுக்கும் சொல்லியிருப்போம். அந்தக் குறை நம்முடையது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.