செருப்பின் விலையும் பாலாற்றின் விலையும்



‘உலக மதிப்புச் சங்கிலி’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வடிவமைப்பு ஓரிடம், தையல் ஓரிடம், விற்பனை ஓரிடம். ஒவ்வொரு கண்ணியிலும் மதிப்பு கூடுகிறதாம். அதன் முதல் கண்ணியில் நாம் நெடுங்காலமாக நிற்கிறோம். செத்த மாட்டின் தோலை உரித்த கைகளைக் காட்டித்தான் நம்மைத் தீண்டத்தகாதவர் என்றார்கள். அதே தோல் ஐரோப்பியக் கடையில் ஷூவாக நிற்கும்போது தீட்டு போய்விடுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட வட்டாரம் இது. 1970களில், பாதி பதனிட்ட தோலை அனுப்பியது போதும், முழுதாகப் பதனிட்ட தோலை அனுப்புங்கள் என்றது அரசு. குரோமியப் பதனிடல் பெருகியது, அந்நியச் செலாவணி வந்தது, பாலாறு போனது. கிணறுகளில் உப்பு ஏறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த நிலத்தில் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர் எந்தப் பட்டாவைக் காட்டி ஈடு கேட்பார்?

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கழிவில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தோல் எந்த நாட்டுக் கடைக்குப் போனது என்று எந்த ஷூவிலும் எழுதியிருக்காது.

சிறு டேனரி முதலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலையை அவர் வைப்பதில்லை, வாங்குகிற பிராண்டு வைக்கிறது. சுத்திகரிப்புச் செலவு மட்டும் அவர் தலையில். அவர் அதை ஆற்றின் மேலும் கூலியின் மேலும் இறக்கிவைக்கிறார். இதை அவருக்கு மன்னிப்பாகச் சொல்லவில்லை. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்காகச் சொல்கிறோம். அந்த அழுத்தம் கடைசியில் ஆம்பூர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. அங்கே பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள், ஜோடிக்குச் சில ரூபாய். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, தொழிலாளி என்ற பெயரும் இல்லை.

திண்டுக்கல்லில் ஒரு வழி திறந்தது. 2021இல் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் தலித் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு பிராண்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைக்க வேண்டும். பாலியல் வன்முறையோடு சாதியும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியோர் ஒப்பந்தத்தைத் தோல் தொழிலிலும் கேட்போம். திண்ணையில் தைப்பவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். பாலாறும் இருக்க வேண்டும்.