விவாகப் பதிவேட்டில் மதத்திற்கு இடம் உண்டா?

(முள்ளிக்குளத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி உரிமையைப் பற்றிப் பேசவேண்டிய ஊரிலே கலியாணச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் அமைத்து வாழ்ந்த மக்கள் 2017 மார்ச் 23 இல் அறப்போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அப்போராட்டத்தில் முன்வைக்கப்பட்ட நியாயம் யாது? எண்ணிக்கையிற் சிறியோராயினும் சட்டத்தின் முன் நாம் பிறர்க்குச் சமமானவர்கள் என்பதே. அந்த நியாயம் நமக்கு மட்டும் உரியதா, எல்லோர்க்கும் உரியதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரே பாலினத்தவர் இருவர் விவாகம் செய்துகொள்ளச் சட்டம் இடங்கொடுக்கலாமா என்ற வினா உலகெங்கும் எழுந்திருக்கிறது. தாய்லாந்தில் அத்தகைய சட்டம் 2025 ஜனவரி 23 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ, இது பாராளுமன்றம் தீர்மானிக்க வேண்டிய விடயம் என்று 2023 அக்டோபர் 17 இல் தீர்ப்பளித்து ஒதுங்கிக்கொண்டது. நம் நாட்டிலே பேச்சு விவாகம் வரை செல்லவேயில்லை. 1883 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இத்தகையோரைக் குற்றவாளிகளாக்கின. அவற்றைத் திருத்த 2023 இல் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் முடிபு கூறியது. ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படவே மசோதாவும் காலாவதியாயிற்று.

சபையின் அதிகாரம் யாது?

நாளை ஒருவர் முசலிப் பிரதேச சபையிலே எழுந்து, "எங்கள் வேதம் இதனை விலக்குகிறது, ஆதலின் இச்சபை கண்டிக்க வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவரலாம். தேர்தல் மேடையில் வேட்பாளரை நிறுத்தி, "நீர் வேதத்தின் பக்கமா, மறுபக்கமா?" என்று கேட்கலாம். அப்போது நாம் செய்யவேண்டியது என்ன?

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கு ஒப்படைத்தவை பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் முதலியன. விவாகப் பதிவு சபையின் கையில் இல்லை. அது 1907 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்துக்கு உரியது. கிணற்றைத் துப்புரவாக்கவும் பாதையைச் செப்பனிடவும் அதிகாரம் பெற்றவர், அவ்விரண்டையும் விட்டுவிட்டுத் தமக்கு அதிகாரமில்லாத ஒன்றைப் பற்றி முழங்குவாராயின், வாக்காளர் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, எங்கள் பாதை எங்கே?"

ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு

ஆயினும் அதிகாரம் இல்லை என்பது வழக்கறிஞனின் பதில். அதனினும் ஆழமான பதில் ஒன்று மன்னார் மண்ணின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1544 இல் சங்கிலி மன்னன், மதம் மாறினார்கள் என்ற காரணத்துக்காக மன்னார்க் கத்தோலிக்கரைக் கொல்வித்தான். சுமார் 600 பேர் மாண்டனர் என்பது மரபு. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சுருபத்தை மக்கள் மடுக் காட்டுக்குள் எடுத்துச் சென்றது அக்காலத்திலேதான்.

ஆலயத்தோடு ஒல்லாந்தர் நின்றார்களா? இல்லை, விவாகத்திலும் கைவைத்தார்கள். அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் முறைப்படி, பள்ளித் தோம்பிலே பதியப்பட்ட விவாகமே சட்டத்துக்கு விவாகம். கத்தோலிக்கக் குரு மறைவில் ஆசீர்வதித்த விவாகம் கடவுளின் முன் விவாகமாயிருக்கலாம். அரசாங்கத்தின் முன் அது விவாகமன்று. இந்நிலை மாறியது 1806 ஆம் ஆண்டில். தேசாதிபதி மேற்லண்ட் வெளியிட்ட ஒழுங்குவிதி கத்தோலிக்கரின் குடியியற் குறைபாடுகளை நீக்கியதுடன், 1795 ஆகஸ்ட் 26 முதல் அவர்கள் தம் சமய முறைப்படி செய்த விவாகங்களையும் செல்லுபடியாக்கியது.

சிந்தித்துப் பாருங்கள். அரசாங்கத்தின் மதம் ஒரு சமூகத்தின் விவாகப் பதிவேட்டைக் கைப்பற்றினால் விளைவு என்ன என்பதை இந்நாட்டில் மன்னாரைவிட நன்கறிந்த மாவட்டம் உண்டோ?

திருவருட்சாதனம் வேறு, பதிவு வேறு

இங்கே அமர்ந்திருக்கும் குருவானவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருவருட்சாதனம் என்று திருச்சபை போதிக்கிறது. அதனைப் பிரசங்கிக்கும் உரிமையை எவரும் பறிக்க முடியாது. பறிக்க முற்பட்டால் நானே நீதிமன்றத்தில் தோன்றுவேன். இங்கிலாந்தில் 2013 இல் ஒரே பாலினத்தவர் விவாகச் சட்டம் இயற்றப்பட்டபோதுகூட, எந்தச் சமய நிறுவனத்தையும் அத்தகைய விவாகத்தை நடத்துமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

ஆனால் திருச்சபை விவாகரத்தையும் ஏற்பதில்லை. நாட்டுச் சட்டமோ சோரம், வேண்டுமென்றே கைவிடுதல் முதலிய காரணங்களுக்காக விவாகரத்து வழங்குகிறது. ஆலயமும் நீதிமன்றமும் அருகருகே நின்று தத்தம் கடமையைச் செய்கின்றன. முஸ்லிம் சகோதரருக்கு 1951 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இந்துக்களின் சடங்குமுறை வேறு. முசலியில் இம்மூவரும் அயலவர்கள். ஒருவருடைய வேதத்தைக் கொண்டு மற்றவருடைய விவாகத்தை அளந்தால் எவருடைய குடும்பம் மிஞ்சும்? குற்றச் சட்டத்தைப் பற்றியோ, பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் அளித்த பேட்டியிலே தன்பாலின ஈர்ப்பு குற்றமன்று என்று தெளிவாகக் கூறினார். பாவத்தையும் குற்றத்தையும் பிரித்தறியவேண்டும் என்பதே அவர் கருத்து.

மனச்சாட்சியும் பதவியும்

பிற நாட்டு உள்ளூராட்சிகளில் இவ்வழக்கு நேரே எழுந்திருக்கிறது. இலண்டனில் இஸ்லிங்ரன் நகரசபையின் கீழ்ப் பதிவாளராயிருந்த லில்லியன் லடேல், தம் கிறிஸ்தவ நம்பிக்கையின் காரணமாக ஒரே பாலினத்தவரின் குடியியல் இணைவைப் பதிய மறுத்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரி 15 இல் அவர் முறையீட்டை ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் றோவன் என்னும் மாவட்டத்தின் எழுத்தர் கிம் டேவிஸ் அனுமதிப் பத்திரம் வழங்க மறுத்து, 2015 செப்டெம்பரில் ஐந்து நாள் சிறையிருந்தார். அடுத்த ஆண்டு அம்மாநிலம் பத்திரத்திலிருந்து எழுத்தரின் பெயரையே நீக்கியது. மனச்சாட்சிக்கு வழிசெய்யலாம், ஆனால் குடிமகனுக்குச் சட்டம் கொடுத்ததை அலுவலரின் வேதம் தடுக்கலாகாது.

அண்டையிலுள்ள நேபாளத்தையும் பாருங்கள். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டிலே, தற்காலிகப் பதிவேடு திறக்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன் பின்னரும் காட்மண்டு மாவட்ட நீதிமன்றம் ஒரு தம்பதியரைப் பதிய மறுத்தது. பதிந்தது யார்? லம்ஜுங் மாவட்டத்தின் டோர்டி என்னும் கிராமிய சபை, 2023 நவம்பர் 29 அன்று! தலைநகர் தயங்கிய இடத்தில் மலைநாட்டுக் கிராமம் சட்டத்தை நிறைவேற்றியது.

பெரும்பான்மை வாதம்

"மூன்று மதத்தாரும் ஒன்றாக எதிர்க்கிறோமே! மக்கள் விருப்பமே சட்டமாக வேண்டாமா?" என்பார்கள். தமிழன் வாயில் வரக்கூடாத வாதம் இது. பெரும்பான்மையின் விருப்பமே நியாயமாயின் 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும் நியாயமே. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்ததும் நியாயமே. அவற்றை எதிர்த்த நாம் 1976 மே 14 ஆம் நாள் வட்டுக்கோட்டையில் கேட்டது மதச்சார்பற்ற அரசை. இந்துக்கள் பெரும்பான்மையான இவ்வினத்துக்குத் தலைமை தாங்கியவரோ கிறிஸ்தவரான செல்வநாயகம். அவருடைய வேதம் யாதென்று பார்த்தா மக்கள் வாக்களித்தார்கள்?

இனி உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல். இருவர் முப்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்து ஒரு வயலைத் திருத்தி விளைவிக்கின்றனர். வயல் ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் மரணசாசனம் எழுதாது இறக்கின்றார். விவாகப் பதிவு இருந்தால் எஞ்சியவருக்கு முதுசத்தில் பங்குண்டு. இல்லையேல் அவர் அந்நியர், வயலிலிருந்து இறங்கவேண்டியதுதான். உழைத்த மண்ணை விட்டு இறங்குவது எத்தகையது என்பதை இவ்வூராருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. பிரதேச சபையிலே எந்த மதத்தின் பெயராலும் எக்குடிமகனையும் இழித்துரைக்கும் தீர்மானத்துக்கு நம் உறுப்பினர் கையுயர்த்தலாகாது. 365, 365அ பிரிவுகளை நீக்கும் மசோதா எப்போது வரினும் நம் பிரதிநிதிகள் ஆதரிக்கவேண்டும். விவாகச் சட்டத்தை விரிவாக்கும் வாதம் எழும்போது, அதனைச் சொத்து, பராமரிப்பு, சமத்துவம் ஆகிய குடியியல் நியாயங்களைக்கொண்டு பாராளுமன்றத்தில் தீர்க்கவேண்டும். அத்தகைய விவாகத்தையும் பதிவதே நீதி என்பது என் முடிபு, மாறுபடுவோர் மாறுபடுக. ஆனால் வாதத்துக்கு வருவோர் வேதநூலைத் தம் வீட்டில் மரியாதையுடன் வைத்துவிட்டு, நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும்.

பிறர் மதம் நம்மை ஆளலாகாது என்று கேட்கும் உரிமை, நம் மதத்தால் பிறரை ஆள மறுப்போர்க்கே உண்டு.