மண்டபத்துக்கு ஆறு மாசம், மகளுக்கு ஆறு நாள்!

நடுவர் அவர்களே! தோற்கப் போவது தெரிந்தும் தைரியமாக அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சாதத்தைப் பிசைந்தபடியே தொலைக்காட்சி பார்க்கும் தாய்மார்களே!

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் தடுமாறக் காரணம் மதிப்பெண் குறைவே என்று எதிரணித் தலைவர் முழங்கினார். ஐயா, கல்யாண மண்டபத்தை ஆறு மாசம் முன்னாடியே பிடிக்கிறோம். கல்லூரியை எப்பத் தேடறோம்? ரிசல்ட் வந்த பிறகு! சில அப்பாக்களுக்கு மகள் எந்த குரூப் படிச்சாள்னே அன்னைக்குத்தான் தெரியுது. (சிரிப்பு)

எங்க பரங்கிப்பேட்டையில் ஒரு தையல்காரர். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை நன்றாகப் படித்தாள். 2022இல் கடன் வாங்கி, பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தார். பாசம்தான், குற்றம் சொல்லவில்லை. 2024இல் பிளஸ் டூ முடித்தாள். ஆசைப்பட்டது வேளாண்மை, பொதுப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"சார், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் இருக்காமே? என் பொண்ணு பத்தாவது வரைக்கும் அங்கதானே படிச்சுது?"

என்ன பதில் சொல்வேன்? 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்த ஒதுக்கீடு அது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய், அதுவும் போச்சு. மூன்று வருஷப் படிப்புக்கு 36,000 ரூபாய்! கடன் வாங்கிச் செலவு செய்து, வரவேண்டியதை இழந்திருக்கிறார். மதிப்பெண்ணா ஐயா காரணம்? பள்ளி மாற்றும்போது விசாரிக்க ஆள் இல்லை, அதுதான் காரணம்! (கைதட்டல்)

அந்தப் பெண்ணைக் கேட்டேன்: "ஏம்மா, வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கட்டடம் இருக்கே, அது என்னன்னு தெரியுமா?"

"ஏதோ மீன் காலேஜ் சார்!" (சிரிப்பு)

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஐயா அது! எங்கெங்கிருந்தோ வந்து முனைவர் பட்டம் வாங்கிப் போகிறார்கள். வாசல் வழியாகவே பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குத் தெரியவில்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தால் அங்கே எம்.எஸ்ஸி. கேட்கலாம். ஆனால் பிளஸ் ஒன்னிலேயே உயிரியல் எடுத்திருக்க வேண்டுமே! நல்லவேளை, அவள் எடுத்திருந்தாள்.

விலங்கியல் சேர்ந்தாள். போன மாசம் தையல்காரர் மறுபடி வந்தார். கூடவே சின்ன மகன், ஒன்பதாவது, அரசுப் பள்ளி. "சார், இவனுக்கு இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கிறீர்கள். உட்கார்ந்துவிடுகிறேன்.