நெருப்புக் காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும்: லயத்தில் நாம் செய்ய வேண்டியது

(கண்டியில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்மார் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் சம்பளம், பேர், கிலோ என்றுதான் பேச்சு ஓடும். இன்று மாதர் பிரிவுக்குக் கிடைத்த நேரத்தில் இரண்டு நோய்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்து வேலைதான்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பிரிவில் ஓர் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கொஞ்சம் இறங்கும், அந்திக்கு ஏறும். வீட்டில் இருந்தால் பேர் போய்விடும் என்று இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போனார். "சம்பளம் போட்டதும் கண்டிக்குப் போகலாம் அக்கா" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். பதினைந்தாம் நாள் அவர் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்கள் வைத்தியர்கள். ஆப்பரேஷன் செய்து உயிர் பிழைத்தார். ஆனால் மாதக்கணக்கில் மலை ஏற முடியவில்லை. இரண்டு நாள் பேரைப் பார்த்தோம், நான்கு மாதப் பேர் போனது.

அதுதான் நெருப்புக் காய்ச்சல். டைபாய்டு என்பதும் இதைத்தான். சல்மோனெல்லா டைபி என்ற கிருமியால் வருகிறது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, தண்ணீர் வழியாகவோ சாப்பாடு வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால் நோய் தொற்றும். உள்ளே போன கிருமி உடனே காட்டிக்கொடுக்காது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கி, நாளுக்கு நாள் ஏறும். தலைவலி, சோர்வு, பசியின்மை, வயிற்று வலி இருக்கும். சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குடலில் இரத்தம் கசியலாம், ஓட்டை விழலாம். உலகத்தில் ஆண்டுக்கு சுமார் 90 இலட்சம் பேருக்கு இந்த நோய் வருவதாகவும், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சாவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இப்போது நம் தண்ணீரைப் பார்ப்போம். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை என்று எங்கே போனாலும், மலையிலிருந்து வரும் ஊற்றைப் பீலி வைத்தோ குழாய் போட்டோ லயத்துக்கு எடுக்கிறோம். மேலே ஒரு லயம், கீழே ஒரு லயம். மேல் லயத்து மலசலகூடக் குழி நிரம்பி வழிந்தால் அது எங்கே போகும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மழையில் ஊற்றுகளும் குழாய்களும் குழிகளும் உடைந்து ஒன்றாகக் கலந்துவிடும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆற்றிக் குடிப்பதே நம் கையில் உள்ள பாதுகாப்பு. மலைக்குக் கொண்டுபோகும் போத்தலிலும் அந்தத் தண்ணீரே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் வரை, சுகமான பிறகும் நெடுநாள் கிருமியைச் சுமப்பார்கள். 1907இல் நியூயோர்க் நகரில் மேரி மலோன் என்ற சமையல்காரப் பெண்ணைப் பிடித்தார்கள். அவர் சமைத்த பல வீடுகளில் இந்தக் காய்ச்சல் வந்தது, அவருக்கு மட்டும் ஒரு நோயும் தெரியவில்லை. வாழ்நாளில் 26 வருடம் அவரைத் தனியாக அடைத்து வைத்தார்கள். நாம் யாரையும் அப்படி ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளைக் காம்பராவில் சமைப்பவர்களும், திருவிழா அன்னதானத்துக்குச் சமைப்பவர்களும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தக் காய்ச்சல் வந்து போனவர், வைத்தியர் சரி என்று சொன்ன பிறகுதான் சமையலுக்கு வர வேண்டும்.

அடுத்தது மூளைக்காய்ச்சல். மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் மூடியிருக்கும் சவ்வில் கிருமி பிடித்து வீங்குவது இது. நெருப்புக் காய்ச்சல் நாட்களை எடுக்கும். இது மணித்தியாலங்களில் ஆளைக் கொண்டுபோகும். பாக்டீரியா கிருமியால் வந்தால் ஆறு பேரில் ஒருவர் சாகிறார். பிழைத்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற பெரிய பாதிப்பு தங்கிவிடுகிறது.

சில வகைக் கிருமிகள் இருமல், எச்சில், நெருங்கிய மூச்சுக் காற்று வழியாகப் பரவும். 2023 ஆகஸ்டில் காலி சிறைச்சாலையில் மெனிங்கொகோக்கல் கிருமி பரவிக் கைதிகள் இறந்தார்கள். நெருக்கமாக ஆட்களை அடைத்த இடம் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்பும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடையாளங்களை மனதில் வையுங்கள். திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்தை முன்னால் குனிய முடியாத விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, மயக்கம், பிதற்றல், வலிப்பு. தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் வந்து, கண்ணாடிக் கிளாசை வைத்து அழுத்தினாலும் மறையாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்காது, தேற்ற முடியாமல் அழும், அல்லது துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைக்கும். இதைக் கண்ணேறு என்று மந்திரிக்கக் கொண்டுபோவதில் போகும் நேரம்தான் பிள்ளையின் உயிர். திருநீறு பூசுங்கள், பூசிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.

வைத்தியசாலையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுத்தவர்களை எங்களுக்குத் தெரியும். முதுகுத்தண்டு நரம்பு முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்.

பிள்ளைகளின் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். பிறந்ததும் போடும் பீசிஜி, சயரோகக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும். 2, 4, 6 மாதங்களில் போடும் ஊசியில் ஹிப் கிருமிக்கான மருந்தும் இருக்கிறது. எல்லாம் இலவசம். கிளினிக் நாளில் தாய்க்குப் பேர் வெட்டினால் எங்களிடம் சொல்லுங்கள்.

தலைவர்மாரிடம் நாங்கள் கேட்பது இவைதான்:

1. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருக்கும் யாரையும் மலைக்கு அனுப்பாதீர்கள். டெங்குவா, எலிக்காய்ச்சலா, நெருப்புக் காய்ச்சலா என்று லயத்தில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

2. காய்ச்சல் தொடங்கிய திகதியையும் சாப்பிட்ட மருந்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வைத்தியரோடு சிங்களத்தில் பேசக்கூடிய ஒருவர் கூடப் போகட்டும்.

3. கொடுத்த மருந்தை முழுவதும் சாப்பிட வைக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

4. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது ஏற முடியாத பாதை என்றால், இரவில் பிரதான வீதி வரை யாருடைய வண்டி கொண்டுபோகும் என்று இன்றே பேசி வையுங்கள்.

5. இந்த இரண்டு நோயும் அறிவிக்க வேண்டிய நோய்கள். ஒருவருக்கு வந்தாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வர வேண்டும், தண்ணீரையும் பார்க்க வேண்டும். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு நாமே எழுத வேண்டும். மூளைக்காய்ச்சல் என்றால், கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையா என்று அவரிடம் கேளுங்கள்.

தோழர்களே, லயத்தைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், சுகமில்லாதவரை விசாரித்து வைத்தியம் செய்விப்பதும் துரையின் கடமை என்று 1912இல் வெள்ளைக்காரனே சட்டம் எழுதினான். நூறு வருடம் கடந்தும் குடிதண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மூடி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் குளோரின் போட்ட தண்ணீரும், வழியாத மலசலகூடமும், காய்ச்சல் நாளுக்குச் சம்பளத்தோடு லீவும் இடம்பெற வேண்டும் என்று மாதர் பிரிவு பிரேரிக்கிறது.

அந்த அக்கா இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பிரேரணையை வழிமொழிய அவரை அழைக்கிறோம்.